தேய்மானம் இல்லாத அலுவலகம்

உலோகம் பிறந்த அன்றே துருவும் பிறந்துவிட்டது. அன்று தொடங்கிய போரில் எத்தனையோ பேரரசுகள் தோற்றன. கப்பல்கள் தோற்றன, பாலங்கள் தோற்றன. மனித குலம் இறுதி வெற்றி பெற்ற இடம் கடலூர், மஞ்சக்குப்பம். மைதானத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ‘கடலோர எச்சரிக்கைக் கருவிகள் பராமரிப்புப் பிரிவு’ என்று வாசலில் பலகை தொங்கும். பலகையைத் தாங்கும் ஆணிகள் துருப்பிடித்திருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆணிகள் கட்டடப் பிரிவின் கீழ் வருகின்றன.

வெற்றி பெற்றவர் உதவி இயக்குநர் திரு. செந்தமிழ்செல்வன். நான் அவரிடம் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். சிதம்பரத்தில் வேதியியல் படித்தவள். துரு எப்படி உண்டாகிறது என்று சமன்பாட்டோடு எழுதித் தேறியவள். அதை எப்படி ஒழிப்பது என்பதைச் சாரிடம்தான் கற்றேன்.

எங்கள் பிரிவின் கடமை சிறியது. கடலூரிலிருந்து கிள்ளைக்குத் தெற்கே வரை மீனவர் குப்பங்களில் சைரன் கம்பங்கள் நிற்கின்றன. காற்று மோசமாகப் போகிறது என்று தகவல் வந்தால் மஞ்சக்குப்பத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். குப்பத்தில் சைரன் ஊத வேண்டும். கடலில் இருப்பவர்கள் கரைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு பெட்டி உண்டு. பெட்டிக்குள் இருக்கும் கருவியையும் மேலே சைரனுக்கு ஏறும் கேபிளையும் இணைப்பது ஒரு முழ நீள ஒயர். அதன் இரண்டு முனையிலும் கனெக்டர்கள். கடற்காற்றில் கம்பம் ஆடும். கம்பம் ஆடினால் கனெக்டருக்குள் இருக்கும் பின்கள் மயிரிழை அளவு உரசும். மேலே பூசிய வெள்ளீயம் தேயும். தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று பட்டுக் கறுப்பாகப் பொடி சேரும். மின்சாரம் திணறும். இதற்கு மருந்து, கிரீஸ். பொடியைத் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி, அழுத்திச் சொருக வேண்டும். உலோகத்தை உலோகம் தொடும் இடத்தில் கிரீஸ் தானே விலகிக்கொள்ளும். சுற்றிலும் நின்று உப்பையும் காற்றையும் உள்ளே விடாது. உரசலும் குறையும். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட வேலையை அப்படியே முடித்துவிடுவது சிறிய மனிதர்களின் வழக்கம். எங்கள் சார் சிறிய மனிதர் அல்லர்.

*

முதலில் சௌந்தரம் வந்தாள். கிள்ளைக்குத் தெற்கே இருக்கும் ஒரு குப்பத்துக்காரி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவள், அங்கிருந்து யாரோ கைகாட்டி எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டாள்.

“சார், எங்க குப்பத்து சைரன் இருமுது சார்.”

சார் கோப்பிலிருந்து நிமிர்ந்தார். “இருமுதா?”

“ஆமா சார். மாசா மாசம் ஊதிப் பாப்பாங்க இல்ல? முன்னெல்லாம் நீட்டா ஊதும். இப்ப ரெண்டு தடவ இருமிட்டு நின்னு பூடுது. காத்து மாசம் வரப்போவுது. எங்க வூட்டுக்காரரு முகத்துவாரத்துக்கு வெளிய போயி வலை வுடுறவரு. தண்ணி பட்டு வீணாப் பூடும்னு போன எடுத்துக்கினு போவமாட்டாரு. சைரன் ஊதுனா வந்துடுறேன்ம்பாரு. அத நம்பித்தான் சார் போறாரு.”

“அவர் பேரு?”

“குப்பன்.”

சார் கண்காணிப்பாளர் கோவிந்தசாமியைப் பார்த்தார். “எழுதிக்குங்க. சைரனுக்கு இருமல்.”

கோவிந்தசாமி எழுதிக்கொண்டார். சௌந்தரம் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் சாரின் மேசைக்கு அருகில் போய் நின்றேன். “சார், பின்ல பொடி சேர்ந்திருக்கும். எலக்ட்ரீஷியன் சிலம்பரசன் போனா துடைச்சிக் கிரீஸ் தடவிச் சொருகிட்டு வந்துடலாம்.”

“வினோதினி,” என்றார் சார், கனிவாக. “நீங்க சொல்றது ‘வேலை’. நான் யோசிக்கிறது ‘கொள்கை’.”

கொள்கை யோசிக்கச் சார் சென்னைக்குப் போனார். இணைப்பான்களுக்கான மசகுப் பொருள்கள், அதாவது கனெக்டருக்குத் தடவும் கிரீஸ், பற்றி ஒரு பயிலரங்கம். குளிரூட்டிய அறை. மதியம் இரண்டு வகை ஐஸ்கிரீம். திரும்பி வரும்போது ஒரு கிரீஸ் ட்யூபும் ஓர் ஒளியும் கொண்டுவந்தார். ட்யூப் பையில் இருந்தது. ஒளி முகத்தில் இருந்தது.

உடனே கூட்டம் கூட்டப்பட்டது. சார், கோவிந்தசாமி, எலக்ட்ரீஷியன் சிலம்பரசன், நான். ‘மசகுக் குழு’ என்று எங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டது.

“தேய்மானம் எதனால வருது?” என்று கேட்டார் சார்.

“உரசறதால சார்,” என்றான் சிலம்பரசன்.

“உரசல் எதனால வருது?”

“கம்பம் ஆடறதால சார்.”

“அதுக்கும் முன்னாடி போங்க. சொருகறதால! சொருகும்போது உரசுது. கழட்டும்போது உரசுது. ஒவ்வொரு தடவ சொருகும்போதும் கொஞ்சம் தேயுதுன்னு பயிலரங்கத்துல திரை போட்டுக் காட்டினாங்க. அப்ப மூல காரணம் என்ன?”

நாங்கள் மூல காரணத்தின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

“சொருகறதுதான்!” என்றார் சார்.

கோவிந்தசாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “நூத்துக்கு நூறு சார். இத்தன வருசம் இது யாருக்கும் தோணல பாருங்க.”

“அப்ப சொருகாம சைரன் எப்பிடி சார் ஊதும்?” என்றான் சிலம்பரசன்.

“சைரன் ஊதறது இயக்கப் பிரிவோட வேலை. நாம பராமரிப்புப் பிரிவு.”

“இயக்கப் பிரிவும் நீங்கதான சார் பாக்கறீங்க?”

“அது கூடுதல் பொறுப்பு.”

கிரீஸ் தடவிச் சொருகினால் அந்தத் தேய்மானம் குறையும், அதற்குத்தான் கிரீஸே கண்டுபிடித்தார்கள் என்று நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கோவிந்தசாமி நன்றியுரை தொடங்கிவிட்டார். கூட்டம் இனிதே நிறைவுற்றது.

*

கொள்கையைச் செயல்படுத்த ஒரு நல்ல நாள் தேவைப்பட்டது. ஆயுத பூஜை வந்தது.

எல்லா அலுவலகங்களிலும் ஆயுத பூஜை நடக்கிறது. ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு மாலை போடுவார்கள். பீரோவின் நெற்றியில் சந்தனம் பூசுவார்கள். ஆனால் எங்கள் உண்மையான ஆயுதங்கள் கடற்கரையில் கிடந்தன. கவனிப்பாரற்று, கம்பத்திலேயே வேலை செய்துகொண்டு. சாரின் மனம் பொறுக்கவில்லை.

“கம்பத்தக் கொண்டாற முடியாது. ஒயரக் கொண்டாறலாம் இல்ல?”

சிலம்பரசன் கரையோரம் முழுக்கப் பைக்கில் போய் ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் ஒயரைக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். எந்தக் குப்பத்து ஒயர் எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் அட்டை கட்டியிருந்தான். பின்களைப் பெட்ரோல் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினான். மேசைமீது வாழை இலை விரித்து ஒயர்களை வரிசையாக அடுக்கினோம். பொரி, கடலை, அவல், பூசணிக்காய். கோவிந்தசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“சார், சந்தனம் ஈரம். பின்ல படக்கூடாது,” என்றேன்.

இது மட்டும் சாருக்குக் கேட்டது. அறிவியலை அவர் ஒருபோதும் புறக்கணித்தவர் அல்லர். “சரியாச் சொன்னீங்க. அப்ப கிரீஸாலயே பொட்டு வைப்போம்.”

கிரீஸ் வெள்ளை நிறம். குழைத்த விபூதி போலவே இருக்கும். சிலம்பரசன் மூன்று விரல்களால் தொட்டு முதல் கனெக்டருக்கு அழகாகப் பட்டை போட்டான். இரண்டாவதற்குக் கை நீட்டியபோது கோவிந்தசாமி குறுக்கே வந்தார்.

“சார், நான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். பூவராகப் பெருமாள் ஊரு. மொத்தத்துக்கும் பட்டைன்னா எப்பிடி சார்? மனசு கஷ்டமா இருக்குது.”

“அதுக்கென்ன மாமா,” என்றான் சிலம்பரசன். “நாமம் போட்டா கரன்ட் ஜாஸ்தியா வருமா?”

“டேய், சாமி விசயத்துல வெளையாடாத.”

சார் கண்களை மூடினார். திறந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. “சிதம்பரத்துல ரெண்டு சாமியும் ஒரே கோயிலுக்குள்ளதான இருக்காங்க? ஒயருக்கு ரெண்டு முனை. ஒரு முனைக்குப் பட்டை. ஒரு முனைக்கு நாமம்.”

அப்படியே செய்யப்பட்டது. மதநல்லிணக்கத்தை ஒரு முழ ஒயரில் நிலைநாட்டிய ஒரே அரசு அலுவலகம் எங்களுடையது. கோவிந்தசாமி உணர்ச்சிவசப்பட்டு எலுமிச்சம்பழத்தை ஒயர்களின் மேலேயே அறுத்துப் பிழியப் போனார். “அமிலம்!” என்று நான் கத்தினேன். அவர் திடுக்கிட்டுப் பழத்தை என் டேபிள்மீது பிழிந்தார்.

சார் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் விஜயதசமி. ஆயுதங்களை எடுத்து மறுபடி வேலை தொடங்கும் நாள். சிலம்பரசன் சாக்கை உதறி ஒயர்களை உள்ளே போடத் தொடங்கினான்.

“நில்லுப்பா,” என்றார் சார். சென்னையிலிருந்து பதில் வந்திருந்தது. பெரிய அதிகாரி போட்டோவைப் பார்த்துப் பெரிதும் மகிழ்ந்திருந்தார். ‘சிறிதும் அரிப்பு இல்லை, சிறிதும் தேய்மானம் இல்லை’ என்று பாராட்டியிருந்தார். நேரில் வந்து பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

“அவர் வந்து பாக்கற வரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது. இப்ப கொண்டுபோய்ச் சொருகுனா என்ன ஆவும்?”

“தேயும் சார்,” என்றார் கோவிந்தசாமி.

தச்சர் வந்தார். கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் விரித்து, ஒயர்களை நகைக்கடையில் ஆரம் வைப்பதுபோல வளைத்து வைத்தோம். அட்டைகளில் குப்பங்களின் பெயர்கள் தெரிந்தன. மாலையில் சன்னல் வெயில் பட்டால் பின்கள் மின்னும். உப்புக் காற்று அவற்றை நெருங்க முடியவில்லை. ஆட்டமில்லை, உரசலில்லை. செம்பும் வெள்ளீயமும் இந்த அளவுக்கு நிம்மதியாக இருந்ததை நான் எந்த ஆய்வகத்திலும் கண்டதில்லை.

*

சௌந்தரம் மறுபடி வந்தாள். இந்த முறை மூச்சு வாங்கியது.

“சார், மொதல்ல இருமுச்சு. இப்ப ஊமையாவே பூடுச்சு. பொட்டியத் தொறந்து பாத்தா உள்ள ஒயரே இல்லன்னு எங்க பசங்க சொல்றாங்க. எவனோ திருடிக்கினு...” அப்போது அவள் கண் கண்ணாடிப் பெட்டியில் விழுந்தது. கிட்டே போய் அட்டையைப் படித்தாள். “தோ! எங்க குப்பத்து ஒயரு!”

“தொடாதீங்கம்மா,” என்றார் கோவிந்தசாமி. “கைரேகை வுழும்.”

“ஒயர இங்க வெச்சிக்கினா அங்க எப்பிடி சார் ஊதும்?”

சார் அவளை உட்காரச் சொன்னார். எங்கள் பிரிவில் பொதுமக்களை உட்காரச் சொல்பவர் அவர் ஒருவர்தான். அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

“இங்க பாருங்கம்மா. உங்க ஒயரு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? கறுப்பா, பொடி புடிச்சி. இப்ப பாருங்க.”

“நல்லாத்தான் சார் இருக்குது. அத மாட்டிவுட்டா இன்னும் நல்லா இருக்கும்.”

“மாட்டுனா தேயும்மா.”

“தேயறதுக்குத்தான சார் அது இருக்குது? என் செருப்பு தேயல? வூட்டுக்காரரு தெனமும் கடலுக்குப் போய்க்கினுதான் இருக்காரு. நான் போயி அவருகிட்ட என்னான்னு சொல்லட்டும்?”

“நேரம் வந்தா சைரன் ஊதும்னு சொல்லுங்க. ஆபீசர் சொன்னார்னு சொல்லுங்க.”

“கண்டிப்பா ஊதுமா சார்?”

“அரசாங்கம் சொல்லுது. நம்பணும்.”

அவள் எழுந்தாள். மாடிப்படியில் நான் பின்னால் போனேன். “எங்கிட்ட உங்க நம்பர் இல்ல. நீங்க என் நம்பர வெச்சிக்குங்க,” என்றேன்.

“ஏம்மா, அந்த ஆளு சொல்றது நெசமா?”

“இல்ல,” என்றேன். அதைச் சாரின் முன்னால் சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. படியில் சொல்ல முடிந்தது.

“நீ சொல்ற. ஆனா எங்க வூட்டுக்காரருக்கு ஆபீசர் பேச்சுன்னாதான் வேதம். அவரு சொன்னாருன்னு நான் சொல்லாம வுட முடியுமா? என்னான்னாங்க, என்னான்னாங்கன்னு கேட்டுக்கினே இருப்பாரு.”

அன்று மாலை நான் சாரிடம் போனேன். அந்த ஒரு ஒயரையாவது மாட்டிவிடலாம் என்றேன். சார் பேனாவை மூடிவைத்தார். “ஒண்ண மாட்டுனா மத்த குப்பத்துக்காரங்க கேக்கமாட்டாங்களா? சமநீதின்னு ஒண்ணு இருக்கு இல்லம்மா?” என்றார். எல்லாக் குப்பங்களையும் சமமாக ஆபத்தில் வைத்திருந்தார். அந்த நடுநிலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

பெரிய அதிகாரி வருவதாக இருந்த நாளுக்கு முந்தின நாள் காலை தகவல் வந்தது. கிள்ளைக்குத் தெற்கே திடீர்ச் சூறைக்காற்று. கடலில் இருப்பவர்கள் உடனே திரும்பவும். வடக்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சைரன் ஊதினால் போதும். இயற்கையே எங்கள் பிரிவின் வேலைப்பளுவைக் குறைத்திருந்தது.

சார் கூடுதல் பொறுப்பின் நாற்காலிக்கு மாறினார். பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை டிக் வந்தது. ‘ஒலித்தது’ என்று எழுத்தும் வந்தது. திரை பொய் சொல்லவில்லை. கம்பத்தடிப் பெட்டி வரைக்கும் உத்தரவு போய்ச் சேர்ந்திருந்தது. பெட்டிக்கு மேலேயும் உலகம் உண்டு என்று திரைக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. சார் டீ வரவழைத்தார்.

என் போன் அடித்தது.

“பாப்பா, சௌந்தரம் பேசறேன். காத்து வேற மாதிரி இருக்குது. கெழக்க கறுத்துக்கினு வருது. போன் வெச்சிருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. இவரு வெளிய இருக்காரு. சைரன் ஊதுதான்னு கம்பத்தடியில நின்னுக்கினு இருக்கேன். ஊதலியே!”

“சார்,” என்றேன். “சைரன் ஊதலையாம்.”

“பச்சை டிக் வந்துருச்சே.”

“ஒயர் இங்க இருக்கு சார்.”

“தெரியும்மா.” சார் பெட்டியைப் பார்த்தார். “நாளைக்குப் பெரியவர் வர்றாரு. நடுவுல ஒண்ணு இல்லன்னா பல்லு வுழுந்த மாதிரி இருக்காது?”

“அவரு கடல்ல இருக்காரு சார்.”

“யாரு, பெரியவரா?”

நான் பெட்டியைத் திறந்தேன். பூட்டு இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் எடுத்து எங்கும் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார்கள் என்று சார் எதிர்பார்க்கவில்லை. ஒயரை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். மேலேயிருந்து கோவிந்தசாமி, “ஏம்மா, கையெழுத்துப் போட்டுட்டு எடு!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

கீழே சிலம்பரசன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். என் பையில் ஒயரின் முனை துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தான். “பஸ்ஸப் புடிச்சிப் போனா பொங்கலுக்குத்தான் போவீங்க. ஏறுங்க மேடம். எப்பிடியும் இந்த மாசத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது.”

புதுச்சத்திரம் வரைக்கும் வெயில். அதற்கப்புறம் மழை. மழையென்றால் எதிரே ஒரு சுவர். சிலம்பரசன் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். “நான்தான மேடம் கழட்டுனேன். மாட்ட மறுபடி நானே போறேன். என்னா பொழப்பு இது!” கிள்ளை தாண்டியதும் காற்று வண்டியைத் தள்ளியது.

சௌந்தரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சுற்றிலும் பெண்கள். கரையில் சில படகுகள் ஏறியிருந்தன. சில ஏறவில்லை. நான் துப்பட்டாவால் ஒரு முனையின் பட்டையையும் மறுமுனையின் நாமத்தையும் துடைத்தேன். பின்களில் மெல்லிசாகக் கிரீஸ் தங்கியிருந்தது. அதுவே சரியான அளவு. சிலம்பரசன் மாட்டினான். பெட்டியிலேயே காத்துக்கிடந்த உத்தரவு மேலே ஏறியது.

சைரன் ஊதியது. இருமவில்லை, திணறவில்லை. நீட்டாக, கணீரென்று, குப்பம் முழுக்க அதிர ஊதியது. எங்கள் பராமரிப்பின் தரத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம். முகத்துவாரத்துக்கு உள்ளே இருந்த இரண்டு படகுகள் திரும்பி வந்தன. சௌந்தரம் மழையில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சைரன் ஊதிக்கொண்டே இருந்தது.

குப்பனின் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. குப்பனை அதற்கடுத்த நாள் அலையாத்திக் காட்டோரம் கண்டெடுத்தார்கள்.

*

எனக்கு முதலில் ஒரு குறிப்பாணை வந்தது. ‘அனுமதியின்றி அரசுக் காட்சிப் பொருளை அகற்றியமை, அதனைச் சொருகித் தேய்மானம் விளைவித்தமை’ பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். பிறகு அது அவசரமாகத் திரும்பப் பெறப்பட்டது. ஏனென்றால் நான் செய்த குற்றம்தான் அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது.

அன்றைக்குச் சைரன் ஒலித்ததா என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். ஒலித்தது என்று சார் பதில் எழுதினார். குப்பமே சாட்சி. போய்க் கேட்டால் குழந்தைகூட ‘ஊதுச்சு’ என்றுதான் சொல்லும். எப்போது ஊதியது என்று சென்னை கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. கனெக்டரில் பழுது உண்டா? இல்லை. அரிப்பு? இல்லை. தேய்மானம்? ஒரே ஒரு கீறல், தவிர்க்கக்கூடியது. அப்படியானால் அந்த மீனவர் ஏன் திரும்பவில்லை?

இந்த இடத்தில்தான் சாரின் மேதைமையைப் பார்க்க வேண்டும். அவர் எழுதினார்: ‘சைரன் ஒலித்தும் திரும்பாமையால், அன்னாருக்குச் செவித்திறன் குறைபாடு இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.’

பெரிய அதிகாரி தாமதமாக வந்தார். கண்ணாடிப் பெட்டியை மூன்று பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். நடுவில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, “இது?” என்றார். “களப்பணிக்குச் சென்றுள்ளது,” என்றார் சார். பெரியவரின் கண்கள் கலங்கின. ‘தேய்மானமில்லா அலுவலகம்’ என்ற கேடயம் வழங்கப்பட்டது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மற்றக் குப்பங்களின் ஒயர்கள் இன்றும் பெட்டியில்தான் இருக்கின்றன. கேடயம் அவற்றின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

கேடயம் பெற்ற அலுவலகம் சும்மா இருக்கலாமா? மீனவர்களின் காதுகளே இந்த மாவட்டத்தின் உண்மையான பிரச்சினை என்று இப்போது தெரிந்துவிட்டது. சௌந்தரத்தின் குப்பத்து மீன் ஏலக்கூடத்தில் ‘செவித்திறன் விழிப்புணர்வு முகாம்’ நடத்தினோம். பந்தல், நாற்காலி, தண்ணீர் பாட்டில். காது சோதிக்கும் பெண் ஒருத்தி சின்ன மெஷினோடு வந்திருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். ‘பீப்’ கேட்டால் கை தூக்க வேண்டும்.

ஆண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு பையன் ஹெட்போன் மாட்டுவதற்கு முன்பே தூக்கிவிட்டான். சாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. குப்பத்தில் ஒருவர்கூடக் காது கேளாதவர் இல்லையென்றால் அறிக்கையை எப்படி முடிப்பது?

கடைசியில் சௌந்தரம் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தானே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். சௌந்தரம் கை தூக்கவில்லை. ஒலியைக் கூட்டி அழுத்தினாள். தூக்கவில்லை. இன்னும் கூட்டினாள். ஹெட்போனுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. சௌந்தரத்தின் கைகள் மடியிலேயே இருந்தன. அவள் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் மலர்ந்தார். “பாத்தீங்களா! குடும்பத்துக்கே இருந்திருக்கு!”

சௌந்தரம் ஹெட்போனைக் கழற்றி மெஷின்மேல் வைத்தாள்.

“கேட்டுச்சு சார். மொதல்ல இருந்தே கேட்டுச்சு. இருமுதுன்னு வந்து சொன்னேனே, உங்களுக்குக் கேட்டுச்சு இல்ல? ஒயரு இல்லன்னு வந்து சொன்னேனே, அதுவும் கேட்டுச்சு இல்ல? அந்த மாரித்தான் எனக்கும் கேட்டுச்சு.”

காது சோதிக்கும் பெண் பேனாவைப் பிடித்தபடி சாரைப் பார்த்தாள். “சார், அவுங்களுக்கு நல்லாத்தான் கேக்குது. என்னான்னு போடட்டும்?”

“கை தூக்குனாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப கேக்கலன்னு போடுங்க. கேட்டும் கை தூக்கலன்னா கேக்கலன்னுதான் அர்த்தம். அதான் விதி.”

அவள் அப்படியே எழுதினாள். விதி மிகச் சரியானது. அதில் நான் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் அதே விதியோடு மஞ்சக்குப்பத்து மாடி ஏறிப் போய் எங்களை ஒவ்வொருவராகச் சோதித்தால், அந்த அலுவலகத்தில் காது கேட்கிறவர் என்று எழுத ஒரு பெயர்கூடக் கிடைக்காது.